மண் ஒட்டாத முதுகு

கரடியின் முதுகில் மண் ஒட்டியதே இல்லை. அதோடு மல்லுக்கு நின்றவர்கள் எல்லாரும் மல்லாந்து விழுந்தவர்கள்தான். மழைக்காலத்துக்கு அந்தக் காட்டில் காய்ந்த குகை ஒன்றுதான் இருந்தது. அது தனக்கு வேண்டும் என்று மலைப்பாம்பு கரடியோடு மல்லுக்கு வந்தபோது கரடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முதுகு தரையில பட்டா தோல்வி" என்றது நடுவராக வந்த ஆமை. மல்லாந்தால் என்ன கதி என்று அதற்குத் தெரியாதா?

"சரிங்க" என்றது பாம்பு.

கரடி ஒரே தூக்காகத் தூக்கிப் போட்டது. பாம்பு வயிறு வானத்தைப் பார்க்க விழுந்தது. கரடி மேலே ஏறி அமுக்கியது.

"கரடிக்கே வெற்றி!" என்று ஆமை கூவியது.

"அண்ணே, எனக்கு இப்பதான் வசதியா இருக்கு" என்றது பாம்பு, கீழே கிடந்தபடியே. முதல் சுற்று கரடியின் இடுப்பில் விழுந்தது. அடுத்தது ஒரு கையையும் சேர்த்து நெஞ்சை வளைத்தது. கரடி மூச்சை விடவிட, பிடி இறுகியது. மிச்சமிருந்த கையால் கரடி தரையைப் படபடவென்று தட்டியது.

"சந்தோஷத்தைப் பாரேன்!" என்றது ஆமை.

"ஜெயிச்சவரே, விட்டுரட்டுமா?" என்று பாம்பு காதோரம் கேட்டது. கரடி வேகமாகத் தலையாட்டியது.

பிடி தளர்ந்ததும் கரடி இருமித் தீர்த்தது. குகையைப் பார்த்தது, பாம்பைப் பார்த்தது. பிறகு, ஆமை வாயைப் பிளக்க, தானாகவே மண்ணில் மல்லாந்து படுத்தது.

"குகை ரெண்டு பேருக்குத் தாங்கும். நீ மேல வா, தம்பி. கீழ கிடந்துக்கிட்டே அந்தப் பிடியை நீ எப்படிப் போட்டேன்னு சொல்லு."