சம்பந்தியின் புலம்பல்

"தண்ணி போடக்கூட வழியில்லாத ஊர்ல கல்யாண விருந்தா? ஊரே சிரிக்கும் நெல்டா!"

என் சம்பந்தியாகப் போகிற ஹோலிஸ் கத்திய கத்தலில், பக்கத்து மேசைக் குழந்தை கையிலிருந்த மீனைக் கீழே போட்டுவிட்டது.

நான் என் கணவர் வெர்னனைப் பார்த்தேன். அவர் தலையைத் தூக்காமல் கோஸ் சாலட்டைக் கிளறிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சர்ச்சில் ஒத்திகை. அது முடிந்ததும் இரு வீட்டாருக்கும் விருந்து. எங்கள் கென்டக்கிப் பக்கத்தில் அது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. இடம் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

கல்யாணத்தன்று சாப்பாடு சர்ச் கூடத்தில்தான். அங்கே பழரசத்தைத் தாண்டி எதுவும் வராது. அதனால் குடிக்கிறவர்கள் எல்லோரும் முந்தின நாள் விருந்தைத்தான் நம்பியிருப்பார்கள். ஆளாளுக்கு எழுந்து மணமக்களை வாழ்த்துவார்கள். ஒவ்வொரு வாழ்த்துக்கும் எல்லோரும் கோப்பையைத் தூக்க வேண்டும்.

அதிலும் பெண்ணின் அப்பா ஹோலிஸ். விஸ்கி ஆலையில் பீப்பாய்க் கிடங்கைக் கட்டி மேய்க்கிறவர். மகள் பிறந்த வருஷம் நிரப்பிய பீப்பாயிலிருந்து எடுத்த புட்டிகளை இந்த விருந்துக்கென்றே வைத்திருப்பதாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

என் வெர்னனோ போன கிறிஸ்துமஸோடு குடியை விட்டவர். விட்டார் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். அவர் பட்ட பாடு, கூடவே இருந்து பார்த்த எனக்குத்தான் தெரியும்.

யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டார். நானும் மூச்சு விடவில்லை. நிச்சயதார்த்தத்தன்று ஹோலிஸ் வீட்டில் கோப்பைகள் வந்ததும், நாயைப் பார்க்கிறேன் என்று கொல்லைப்பக்கம் போனவர், கிளம்பும்வரை உள்ளே வரவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டார்: கல்யாணத்துக்கு வருவேன், ஒத்திகை விருந்துக்கு வரமாட்டேன்.

எங்களுக்கு ஒரே பிள்ளை. அவன் விருந்தில் அவன் அப்பா இருக்கமாட்டார் என்பதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

நானும் தேடாத இடமில்லை. பேர்போன ஒரு உணவகத்தில் நுழைந்ததுமே ஒரு சுவர் முழுக்கப் பளபளவென்று புட்டிகள். இன்னொன்றில் விருந்தோடு விஸ்கி இலவசம் என்றார்கள், என்னமோ எனக்கு நல்லது செய்கிற மாதிரி.

அப்போதுதான் மருமகளாக வரப்போகிற டெஸ்ஸா ஒற்றைக்காலில் நின்றாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பக்கத்து மாவட்டத்தில் இருக்கிற இந்தக் கெளுத்தி மீன் கடைதான் வேண்டுமாம். சின்ன வயசு ஆசையாம். அந்த மாவட்டத்தில் இன்னமும் மதுவிலக்கு. கடைக்காரர் நினைத்தாலும் ஒரு சொட்டு ஊற்ற முடியாது. யாருமே குடிக்காத இடத்தில், குடிக்காத ஒருவரை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?

கடவுளே அந்தப் பெண் வாயால் பேசிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ருசி பார்க்க இன்று நாங்கள் இருவரும், ஹோலிஸும் டெஸ்ஸாவுமாக வந்திருந்தோம். காரை விட்டு இறங்கியதிலிருந்து ஹோலிஸ் வாய் ஓயவில்லை.

"ஒரு பீர்கூடவா கிடையாது? பொண்ணப் பெத்தவன் தொண்டை நனையறதுக்கு ஒரு வழி கிடையாதா?"

"அப்பா, போதும்ப்பா."

"நீ பேசாதடி. எல்லாம் உன்னால வந்தது. ஆலைல அத்தனை பேர் மூஞ்சிலயும் நான் எப்படி முழிப்பேன்?"

கடைசியில் வெர்னனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஐஸ் டீ ஜாடியை எடுத்து ஹோலிஸின் டம்ளரில் விளிம்புவரை ஊற்றினார்.

"பொலம்பாதய்யா. அன்னிக்கு உன் பக்கத்துலயே உக்காந்து, நீ போதும் போதும்ங்கற வரைக்கும் இதையே ஊத்தறேன்."

பக்கத்திலேயே உட்கார்ந்து என்கிறார். அப்படியென்றால் வருகிறார்!

அங்கேயே அழுதுவிடுவேன் என்று பயந்து, தேதி சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்து கல்லாவுக்குப் போனேன்.

தேதியைக் கேட்டதும் கடைக்காரி மிஸ் ஓப்பல் சிரித்தார்.

"அந்த நாளை உங்களுக்குன்னு எப்பவோ ஒதுக்கியாச்சே. உங்க சம்பந்தி தனியா வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு."

"ஹோலிஸா?"

"அவரேதான். பொண்ணையே கேக்க வெக்கிறேன்னாரு. கதவைத் தாண்டி ஒரு புட்டி உள்ள வரக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியமே வாங்கிட்டாரு. அவங்களோட வரும்போது நான் கண்டபடி கத்துவேன், மனசுல வெச்சுக்காதீங்கன்னும் சொன்னாரு."

நான் திரும்பிப் பார்த்தேன்.

ஹோலிஸ் கையை ஆட்டி ஆட்டிப் புலம்பிக்கொண்டிருந்தார். சுற்றியிருந்த மேசைக்காரர்கள் எல்லோரும் அவரையேதான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெர்னனை ஒருவரும் பார்க்கவில்லை. அவர் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓடிப்போய் அந்த மனிதரின் கையைப் பிடித்து நன்றி சொல்லவேண்டும் போல இருந்தது. சொன்னால் எல்லாம் பாழாகிவிடும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். தட்டில் இருந்ததிலேயே பெரிய மீனை எடுத்து அவருக்கு வைத்தேன்.

"ஒரு நாள் குடிக்கலன்னா செத்துட மாட்டீங்க சம்பந்தி. வாய மூடிட்டுச் சாப்பிடுங்க!" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி அதட்டினேன்.

ஹோலிஸ் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கல்லாப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

பிறகு குனிந்து மீனைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "உப்பே இல்ல" என்று மறுபடியும் ஆரம்பித்தார்.