ரெண்டு மாத்திரை

சளிக்கு ரெண்டு ஆன்டிபயாடிக் கேட்டுவிட்டு டிரைவர் எரிச்சலோடு நின்றார். பக்கத்தில் ஒரு பெண் மருந்துக்கடைக்காரரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

"புள்ள ஐ.சி.யூ.ல கெடக்கான். பதினாலு மருந்து சோதிச்சாங்களாம், கிருமி எதுக்கும் மசியலையாம்! தும்மினா மாத்திரை, இருமினா மாத்திரைன்னு டாக்டர் சீட்டே இல்லாம குடுத்தீங்களே, மனசாட்சி இருக்கா?"

கடைக்காரர் குனிந்தபடி மாத்திரை அட்டையையும் கத்தரிக்கோலையும் எடுத்தார்.

டிரைவருக்குப் பொறுக்கவில்லை. "கேட்டா குடுக்கத்தாம்மா செய்வாரு. நீங்க டாக்டர்கிட்ட காட்டியிருக்கணும்!"

"தலைதலையா அடிச்சுக்கிட்டேங்க. 'சளிக்கெல்லாம் டாக்டர் எதுக்கு'ன்னு புள்ளையப் பெத்த அப்பன் விட்டாத்தானே?"

"அந்த ஆளத்தான் உதைக்கணும். எங்க அந்த மகராசன்?"

அவள் கடைக்குள் கையைக் காட்டினாள்.

"இதோ, உங்களுக்கு ரெண்டு மாத்திரை வெட்டிக்கிட்டு நிக்கிறாரே!"