குழிநரிச் சரிவு

கல்குவாரி கிரஷரில் மணல் தொட்டி கட்ட வந்த எஞ்சினியர், அங்கே கூலிவேலை பார்த்த என் காலடியில் குழிநரிப் பூச்சி தோண்டியிருந்த குழியைப் பார்த்துக் குத்தவைத்து உட்கார்ந்தார். எறும்பு ஒன்று விழுந்தது. அது ஏற ஏற மண் சரிந்தது. பூச்சியும் அடியிலிருந்து அதன்மேல் மண்ணை வாரி எறிந்தது.

“தொட்டிக்கும் இந்தச் சரிவு போதும் பெரியவரே. மணல் தானா இறங்கும், தள்ளிவிட ஆள் வேண்டாம்.”

“இதுல ஏறி வந்த எறும்பை நான் பாத்ததில்லீங்க.”

“எறும்புக்கா கட்டுறோம்?” என்று சிரித்தார். படித்தவன் சிரித்தால் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். அன்றும் நிறுத்தினேன்.

தொட்டி கட்டிய நாலாம் மாதம், அங்கேயே வேலை பார்த்த என் பெண்சாதியின் தம்பி செங்கோடன் அந்தத் தொட்டிக்குள் விழுந்தான். அடியில் மணலை இழுத்துப்போகும் பெல்ட்டை நிறுத்தியும், இடுப்புவரை மணல் மூடிவிட்டது.

“மாமா, கவுறு போடுங்க!”

எஞ்சினியரும் ஆட்களும் கயிற்றோடு விளிம்பைச் சுற்றி ஓடினார்கள். ஓடிய கால்களெல்லாம் அங்கே குவிந்திருந்த மணலை அவன்மேல் தள்ளின. நெஞ்சுவரை ஏறிவிட்டது.

“ஓடாதீங்கடா, நில்லுங்கடா!” என்று நான் கத்தினேன்.

ஒருத்தனும் நிற்கவில்லை. நான் மட்டும் விளிம்பில் அசையாமல் நின்றேன். செங்கோடன் கத்துவதை விட்டுவிட்டு என் காலையே பார்த்தான். என் பெருவிரலுக்கு அடியில் மணல் மெல்ல அவனைப் பார்த்து நகர்ந்தது.