மோர்க் கூட்டம்

“அண்ணே, இந்தக் குடி… குடிக்கிற ஆளுங்க எல்லாம் ஒண்ணாக் கூடுற எடம் ஒண்ணு இங்க இருக்காமே. அங்க போகணும்.”

பொன்னேரி ஸ்டேஷன் வாசலில் சுப்பிரமணி இப்படிக் கிசுகிசுத்ததும், ஜட்கா ஓட்டும் துளசிராமன் அவரை மேலும் கீழும் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ராஜ்யத்தில் மதுவிலக்கு வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது.

“காலங்காத்தாலயேவா? ஏறிக் குந்து நைனா. நமக்குத் தெரியாத எடமா?” கண்ணடித்துவிட்டுக் குதிரையைத் தட்டினான்.

வண்டி ஆரணி ஆற்றங்கரைப் பனந்தோப்பில் போய் நின்றது. புதர் மறைவில் ஒரு பானை, அதைச் சுற்றி நாலு பேர், ஆளுக்கொரு கொட்டாங்கச்சி. காற்று அந்த வாசனையை அள்ளிவந்து சுப்பிரமணியின் மூக்கருகே நீட்டியது. நாக்கில் எச்சில் ஊறியது. கால் அவரைக் கேட்காமலே வண்டியிலிருந்து இறங்கியது.

அவ்வளவுதான். சட்டென்று திரும்பி, ஒரு கால் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, வரப்போடு விழுந்தடித்து ஓடினார். அவர் ஓடுகிற வேகத்தைப் பார்த்து, போலீஸ் வந்துவிட்டது என்று அந்த நாலு பேரும் எதிர்த்திசையில் பறந்தார்கள். பானை உருண்டது. “இன்னாபா இது, பேஜாரு!” என்று துளசிராமன் நடுவில் நின்று கத்தினான்.

மூச்சு வாங்க அவர் வந்து நின்ற இடம் மார்க்கெட். கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த கெங்கம்மாளிடம் குனிந்து அதே கேள்வியை, அதே கிசுகிசுப்பில் கேட்டார்.

“த்தூ! இம்மாம் பெரிய மீசைய வெச்சிக்கினு கேக்கற கேள்வியப் பாரு! பொஞ்சாதி புள்ளைங்க கெடையாதா ஒனக்கு?”

கருவாடு வாங்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“இருக்காங்கம்மா. செண்பகம் புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு திருநின்றவூருக்கு, அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. நான் கேக்கறது குடிக்கிறவங்களை இல்ல. குடிச்சு, அதை விட்டவங்களை. ரயில்ல ரெண்டு பேர் பேசிக்கிட்டாங்க.” வெட்கத்தில் இதுவரை விழுங்கிக்கொண்டிருந்த வார்த்தை ஒருவழியாக வெளியே வந்துவிட்டது.

கெங்கம்மாளின் முகம் அப்படியே மாறியது. “அத்த மொதல்லயே வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? ரைஸ் மில்லுக்குப் பின்னால, கம்பவுண்டர் யேசுதாஸு ஊட்டுக் கொல்லை. என் ஊட்டுக்காரரு ஆதிகேசவனும் அங்கதான் குந்திக்கினு கீறாரு. ஓடு, ஓடு, மோர் தீந்துடப் போவுது!”

மறுபடியும் ஓடினார். இந்த முறை ஓடுவது சுகமாக இருந்தது.

கொல்லையில் முருங்கை மரத்தடியில் பாய் விரித்து ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கையில் தம்ளர், தம்ளரில் மோர். விஷயத்தைக் கேட்டதும் யேசுதாஸ் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “எட்டாவது ஆளு வந்தாச்சுபா!”

ஏழு பேரும் கை தட்டினார்கள். சுப்பிரமணிக்காக ஜென்மத்தில் யாரும் கை தட்டியதில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒற்றைச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அங்கே ஒரே ஒரு சட்டம்தான். குடித்த கதையை ஒளிக்காமல் சொல்லவேண்டும், மற்றவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அன்று ஆதிகேசவன் முறை.

“ஒரு வாய் சாராயத்துக்கு நான் பட்ட பாடு இருக்கே! ஒரு நாளு போலீஸு தொரத்திக்கினு வந்துச்சு. ரோட்டுல நின்ன வைக்கோல் வண்டிக்குள்ள பூந்து படுத்துக்கினேன். வண்டி கெளம்பிச்சு, தப்பிச்சோம்டான்னு தூங்கிட்டேன். எழுந்து பாக்கறேன், போலீஸ் டேசன் வாசலு! வைக்கோலு இன்ஸ்பெக்டர் ஊட்டு மாட்டுக்காம்!”

கொல்லையே குலுங்கியது. சுப்பிரமணி சிரித்த சிரிப்பில் மோர் மூக்கில் ஏறிவிட்டது. யேசுதாஸ் அவர் தலையில் தட்டித் தட்டி, தானும் சிரித்தார். வீட்டில் செண்பகம் இருந்த நாட்களில் கூட இப்படி வயிறு வலிக்கச் சிரித்ததாக அவருக்கு நினைவில்லை.

“அப்பல்லாம் மூணு நாளு அலைஞ்சாலும் எங்களுக்குச் சில சமயம் ஒரு கிளாஸு கெடைக்காது. ஒங்களுக்கு எப்படி?” என்று கேட்டார் யேசுதாஸ்.

சுப்பிரமணியின் சிரிப்பு அடங்கியது. “எனக்குத் தட்டுப்பாடே கிடையாதுங்க. அதுதான் வினையே. நான் உக்காந்திருக்கிற எடத்துக்கே பானை பானையா வந்து எறங்கும். நாலு ஊர் மாத்திப் பார்த்துட்டாங்க. போன எடத்துக்கெல்லாம் அதுவும் வந்துடுது.” தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “தொடாம பதினோரு நாளாச்சு. தனியா என்னால முடியாது. உங்களோட உக்காந்துக்கறேன்.”

யேசுதாஸ் அவர் தம்ளரில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினார்.

ஆதிகேசவனுக்கு மட்டும் பழைய ஏக்கம் கண்ணில் மினுமினுத்தது. பாயில் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்தார். “பானை பானையாவா! எங்க வயித்துல புளியக் கரைச்ச அத்தினி போலீஸுக்கும் டேக்கா குடுத்துட்டு, குந்தின எடத்துல கொண்டாந்து குடுத்தானா? யாருபா அந்தப் புண்ணியவான்?”

சுப்பிரமணி தலையைக் குனிந்துகொண்டார்.

“யாரும் குடுக்கலைங்க. நான்தான் புதுசா வந்திருக்கிற மதுவிலக்கு சப்-இன்ஸ்பெக்டர்.”