அந்தக் காலத்து அம்மா

"பத்தாங்கிளாஸ் படிக்கிறவனுக்கு இவ்வளவு பெரிய மீசையாம்மா?"

"அப்பல்லாம் பசங்க சீக்கிரம் வளந்துடுவாங்க," என்றாள் அம்மா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வழுக்கையே விழ ஆரம்பிச்சிடுச்சு."

"குறை சொல்லாமப் பாரேன். முழுசாப் பாத்துட்டு, எங்க காலத்துத் தொடர் இன்னிக்கும் தேறுமான்னு சொல்லு."

அம்மா பள்ளியில் படித்த நாளில் ஒரு வாரம்கூட விடாமல் பார்த்த தொடர் அது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கதை. இப்போது மொத்தமும் ஆன்லைனில் வந்திருந்தது. சேர்ந்து பார்க்கலாம் என்று கூப்பிட்டதென்னவோ மகள்தான். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பதினாறு வயதுப் பெண் தானாக வந்து பக்கத்தில் உட்காருவது என்ன சாதாரண விஷயமா?

மகளுக்கு வேறு கணக்கு இருந்தது.

அவள் வகுப்பில் ஒருவன். எல்லாரும் நெட்டை என்று கூப்பிடுவார்கள். 'உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு' என்று போன வாரம் போனில் எழுதியிருந்தான். இவளும் அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டு பதில் அனுப்பினாள்: 'பரீட்சை முடியட்டும். அதுவரைக்கும் லைப்ரரியில மட்டும் பேசிக்கலாம்.'

தோழிகளிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை. அம்மாவிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆனால் அம்மா எப்படி எடுத்துக்கொள்வாளோ என்று பயம். அதனால்தான் இந்தத் தொடரை வைத்து ஆழம் பார்க்கலாம் என்று கிளம்பியிருந்தாள்.

திரையில் மீசைக்காரன் கதாநாயகியின் சைக்கிளை நடுத்தெருவில் மறித்து நின்றான். அவள் ஒதுங்கினால் அவனும் ஒதுங்கினான்.

"இது காதல் இல்லம்மா. தொல்லை."

"தொல்லையேதான். அன்னிக்கு இதுக்குப் போய் நாங்க எல்லாரும் கை தட்டினோம். புத்தி கெட்டவங்க."

மகளுக்குப் பாதி தெம்பு வந்தது.

அடுத்து, குண்டாக ஒரு பெண் வகுப்புக்குள் வந்தாள். அவள் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் பின்னணியில் டமாரம் அடித்தார்கள்.

"பாவம்," என்றாள் அம்மா. "மொத்த வகுப்புலயும் அந்தப் பொண்ணு ஒருத்திதான் புஸ்தகத்தைத் திறக்கிறா. அவளைப் போய்க் கிண்டல் பண்றாங்க."

தெம்பு முக்கால்வாசி ஆயிற்று.

பிறகு வந்தது மகள் காத்திருந்த கட்டம். கதாநாயகியின் அம்மா, பூட்டியிருந்த மேஜை டிராயரை உடைத்துக் காதல் கடிதத்தை வெளியே எடுத்தாள்.

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இதுக்கு என்ன சொல்றே?"

"சீ, என்ன பொம்பளை இவ? பெத்துட்டா டிராயரை உடைக்கலாமா?"

அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. "ஊர்ல யார் உடம்புல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். இன்னிவரைக்கும் என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வந்திருக்கா? மூணாம் மனுஷங்களுக்கே அந்த மரியாதைன்னா, சொந்தப் பொண்ணுக்கு எவ்வளவு தரணும்? அதனாலதான் நம்ம வீட்ல பூட்டே கிடையாது. போனுக்குக்கூட. நம்பிக்கை இருக்கற இடத்துல பூட்டு எதுக்கு?"

உண்மைதான். சாப்பிட உட்காரும் முன் எல்லார் போனும் சமையலறை அலமாரியில் சார்ஜுக்குப் போய்விடும். விடிந்த பிறகுதான் எடுக்கலாம். ஒன்றுக்கும் பூட்டு எண் கிடையாது. அம்மா போட்ட சட்டம். தோழிகள் கேட்டுச் சிரிப்பார்கள். மகளுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

திரையில் அந்த அம்மா கடிதமும் கையுமாகப் பாய்ந்து வந்தாள். "படிச்சேன்டி. ஒரு வரி விடாமப் படிச்சேன்," என்று மகளை ஓங்கி ஓர் அறை விட்டாள்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பாக்கவே முடியலடி. நல்ல வேளை, காலம் மாறிடுச்சு."

இப்படி ஓர் அம்மாவை வைத்துக்கொண்டு ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டோமே என்று மகளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரு, இரு. இந்தக் கட்டம் முடியட்டும்."

மீசைக்காரன் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றான். சரி என்று சொல்லாவிட்டால் குதித்துவிடுவேன் என்றான். கதாநாயகி அழுதுகொண்டே சரி என்றாள். பள்ளிக்கூடமே கை தட்டியது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அசடு. மேல ஏறி நின்னு மிரட்டினா சரின்னு சொல்லிடறதா? உன் பக்குவம் இவளுக்கு ஏது? பரீட்சை முடியட்டும், அதுவரைக்கும் லைப்ரரியில மட்டும் பேசிக்கலாம்னு நீ எவ்வளவு நாசூக்கா..."

அம்மாவின் வாய் அப்படியே நின்றது.

மகள் கத்தவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். அலமாரியிலிருந்து தன் போனை எடுத்து வந்து, அம்மாவின் எதிரிலேயே உட்கார்ந்து, அதற்கு ஒரு பூட்டு எண் போட்டாள்.

"அது வந்து... சார்ஜ் ஏறிடுச்சான்னு பாக்கத்தான் எடுத்தேன். தானாக் கண்ணுல பட்டுது," என்றாள் அம்மா.

அம்மா ரிமோட்டை எடுத்தாள், வைத்தாள். பேச்சை மாற்ற வேறு எதுவும் அகப்படவில்லை.

"தொடர் எப்படி இருக்குன்னு சொல்லவே இல்லையே? இன்னிக்குத் தேறுமா?"

"மத்தவங்க யாரும் தேறலம்மா," என்றாள் மகள். "அந்த அம்மா மட்டும் தேறிட்டாங்க. படிச்சேன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னாங்களே."