சைலன்சர் கசிவு

“இன்னா சார் இது, கருப்பா ஒழுவுது?”

செம்பாக்கத்தில் கிரீஷின் வீட்டு வாசலில் அந்தப் பழைய டூ ஸ்ட்ரோக் பைக் படபடத்துக்கொண்டிருந்தது. சைலன்சர் முனையிலிருந்து கொழகொழவென்று ஒரு சொட்டு டைல்ஸில் விழுந்தது. கேட்டது அந்தப் பெண். கிரீஷ் திரும்பியது அவளோடு வந்த இளைஞன் சாலமன் பக்கம்.

“வண்டி ஓட்டப் போறது நீங்கதானே சார்? நீங்க கேளுங்க, சொல்றேன்.”

“அக்கா கேட்டா நான் கேட்ட மாதிரிதான் சார்.”

டூ ஸ்ட்ரோக் வாங்க அக்காவைக் கூட்டிக்கொண்டு வருகிற ஆம்பிளை. கிரீஷுக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் சாயந்திரத்துக்குள் இந்த வண்டி கேட்டைத் தாண்டியாக வேண்டும். அதனால் பொறுத்துக்கொண்டான்.

“கேளுங்கம்மா, சிம்பிளா சொல்றேன். இது உங்க ஸ்கூட்டர் மாதிரி இல்ல. இதுல பெட்ரோலோட சேர்ந்து 2டி ஆயிலும் எரியணும். எரியாம மிஞ்சற ஆயில் கரியோட கலந்து இப்படி வெளியே வரும். குக்கர்ல கஞ்சி பொங்கி வழியுதில்ல, அப்படி வெச்சுக்கோங்க.”

“ஏன் சார் மிஞ்சுது?”

“சூடு பத்தலைன்னா மிஞ்சும். தெருமுனைக் கடைக்குப் போயிட்டு வந்தா சைலன்சர் சூடே ஏறாது. ஆயில் உள்ளயே தங்கிடும். ஜிஎஸ்டி ரோட்ல வண்டலூர் வரைக்கும் ஒரு விரட்டு விரட்டினீங்கன்னா பாதி போயிடும்.”

சொன்னதில் தப்பில்லை. கேட்கிறவளுக்குப் புரியும் என்றுதான் அவனுக்கு நம்பிக்கை இல்லை.

அவள் குந்தி உட்கார்ந்தாள். சொட்டை விரலில் தொட்டுத் தேய்த்து, முகர்ந்து பார்த்தாள்.

“கிராங்க் சீல் போயிருந்தா கியர் ஆயிலும் உள்ள இழுக்குமே சார். ஆனா இதுல அந்த நாத்தம் இல்ல. 2டி வாடைதான் கீது.”

“யூடியூப் பாத்துட்டு வந்தீங்களாம்மா?” என்றான் கிரீஷ். “அதைத்தானே நானும் சொன்னேன்.”

“சோக்கு இழுத்து வெச்சிருக்கா சார்?”

“இல்லம்மா, ஆஃப்லதான் இருக்கு.”

“அப்ப பேஃபிள் அடைச்சிருக்கும்.”

சைலன்சர் முனையில் செருகியிருக்கும் உள்குழாய்தான் பேஃபிள். ஒரு போல்ட்டைக் கழற்றி அதை உருவி, அவ்வப்போது கரியைச் சுரண்ட வேண்டும். சுரண்டாமல் விட்டால் புகை வெளியேற வழியில்லாமல் ஆயில் தேங்கி ஒழுகும். இது இவளுக்கு எப்படித் தெரியும் என்று கிரீஷ் யோசித்திருக்கலாம். அவனுக்கு எரிச்சல்தான் வந்தது.

“அடைச்சிருக்கா? மாசாமாசம் நானே கழட்டிக் கழுவறேம்மா. எங்கப்பா ஷோரூம்ல எடுத்த வண்டி இது. அன்னிலேர்ந்து வேற கை பட்டதில்ல. பெயின்ட் மட்டும்தான் புதுசு. ஆர்.சி. புக் தொலைஞ்சுபோச்சு, டூப்ளிகேட் வந்துடும்.”

அவள் பெட்ரோல் டேங்கின் அடிப்பக்கத்தை நகத்தால் லேசாகக் கீறினாள். கருப்பு பெயின்ட்டுக்கு அடியில் சிவப்பு தெரிந்தது.

“பேஃபிளைக் கழட்டிக் காட்டுங்க சார்.”

“எதுக்கு? பாத்தா உங்களுக்கு என்ன புரியும்? பாத்திரம் தேய்க்கற வேலை இல்லம்மா இது.”

சாலமன் என்ஜினை அணைத்து, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். “அத்த மட்டும் காட்டிடுங்க சார். வண்டிய இப்பவே கையோட எடுத்துனு போயிடுவோம்.”

கையோடு என்ற வார்த்தை கிரீஷுக்குத் தேனாக இருந்தது. ஸ்பேனரைக் கொண்டுவந்தான். மாசாமாசம் கழற்றுகிற போல்ட் அசைய மறுத்தது. சுத்தியலால் நாலு தட்டு தட்டினான். முழங்கை வரை கருப்பானது.

“வெயில்ல இறுகிடுச்சு” என்றான்.

ஒருவழியாகக் குழாய் வெளியே வந்தது. குழாயே தெரியவில்லை, தார் பூசிய கட்டை மாதிரி இருந்தது.

“இப்பதானே கழுவினேன்” என்று கிரீஷ் முணுமுணுத்தான். “டூ ஸ்ட்ரோக்னா அப்படித்தான். உடனே சேந்துடும்.”

“இருக்கட்டும் சார். எனக்குத்தான் தேய்க்கத் தெரியுமே.”

அவள் வாசல் ஷெல்ஃபில் கிடந்த, பெட்ரோலில் நனைந்த துணியை எடுத்து, வீட்டில் கரிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தாள். கரி பாளம் பாளமாக உதிர்ந்தது. அடியில் வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தன. பாத்திரக் கடையில் பேர் வெட்டுவார்களே, அதே மாதிரி குத்திய புள்ளிகள். முதலில் ஒரு ‘ல்’ வந்தது. அதற்கு முன்னால் ஒரு ‘ச’.

கிரீஷ் அதை இப்போதுதான் பார்க்கிறான். ஆனாலும் அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“கம்பெனி மார்க்மா அது. எல்லா வண்டியிலயும் போட்டுத்தான் வரும். உங்களுக்கு எங்க தெரியப்போகுது?”

“தமிழ்லயா சார்?” என்றான் சாலமன். அவன் எப்போது போய் கேட்டைச் சாத்தினான், எப்போது அதில் சாய்ந்து நின்றான் என்று தெரியவில்லை.

அவள் நிறுத்தாமல் தேய்த்தாள். மெக்கானிக் கடையில் நாலு வண்டிக் குழாய்களை ஒன்றாகப் போட்டுக் கரி எரிப்பார்கள். மாறிப் போய்விடக் கூடாது என்று நினைக்கிறவர்கள்தான் இப்படிக் குத்தி வைப்பார்கள். கடைசிக் கரித்துண்டும் உதிர்ந்தது.

ஏஞ்சல்.

கிரீஷ் குழாயைப் பார்த்தான். பிறகு, அவள் வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

“கம்பெனி இல்ல சார். ஏஞ்சல் நான்தான்.”