மெழுகு காயும் நேரம்

"கறுப்பு வண்டிக்கு எதைப் போடலாம்னு ஒருத்தர் கேட்டா என்ன சொல்லுவே?"

கார் பாலிஷ் சாமான் விற்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்று, கல்லாவில் இருக்கிற சகாயமேரி அக்கா அவளிடம் கேட்டது.

அவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டாள்.

எட்டு மாதம் ஆகிவிட்டது.

இப்போது ஒரு கறுப்பு வண்டிக்காரன் எதிரில் நிற்கிறான். அவன் எதையும் கேட்கவில்லை. அலமாரியிலிருந்து தானாகவே ஒரு டப்பாவை எடுத்து வந்து பில் போட நீட்டுகிறான்.

சிவப்பு மூடி.

காம்பவுண்ட். கீறல் விழுந்த பழைய வண்டிக்கு, பெயின்டின் மேல்தோலைத் தேய்த்து எடுக்கிற சாமான்.

அவனை அவளுக்குத் தெரியும். போன வாரம் அம்மா காட்டிய போட்டோவில் இதே மீசை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. அதற்கு முன்னால் பையன் சாமான் வாங்குகிற மாதிரி கடைக்கு வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவான் என்று தரகர் சொல்லியிருந்தார். இப்போதெல்லாம் அப்படித்தான்.

"வந்தான்னா தலையைக் குனிஞ்சே இரு. பேச்சுக் கொடுக்காதே." காலையில் அம்மா சொல்லி அனுப்பியது. "கடையெல்லாம் கல்யாணத்தோட சரின்னு அவங்க வீட்டுல சொல்லிட்டாங்க. நானும் சரின்னுட்டேன்."

அவளுக்கு இட்லி இறங்கவில்லை. கடையெல்லாம் கல்யாணத்தோட சரி என்ற சொல், கடை இருக்கிற பைபாஸ் வரைக்கும் பஸ்ஸில் அவளோடு நின்றுகொண்டே வந்தது.

தலையைக் குனிந்து பில் போட்டால் போதும். தையில் கல்யாணம்.

அவள் தலையைக் குனியவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தாள்.

வண்டி வெயிலில் நின்றது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. பானெட் முழுக்க வட்டம் வட்டமாகக் கோடுகள். சிலந்தி வலை பின்னிய மாதிரி.

"புது வண்டிக்கு இது ஆகாதுங்க."

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே ஒரு நொடி சந்தேகம்.

"மாசாமாசம் இதான் போடுறேன்," என்றான் அவன். "நானே தேய்ப்பேன். கை வலிக்க வலிக்கத் தேய்ச்சாத்தான் பளபளன்னு வரும்."

கல்லாவிலிருந்து சகாயமேரி அக்கா நிமிர்ந்தாள். "அப்படியே தேய்ச்சுக்கிட்டிருங்க தம்பி. கடைசியில தகரம்தான் பளபளக்கும்."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இவங்களுக்கு எப்படித் தெரியும்? பத்தாவதுகூட முடிக்காம..."

நிறுத்திக்கொண்டான்.

சாமான் வாங்க மட்டும் வந்த ஒருவனுக்கு அவள் படிப்பு தெரிந்திருக்க வழியில்லை.

காது மடல்கள் சிவக்க, அவன் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் எழுந்தாள். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பழைய கார்க் கதவை இழுத்து முன்னால் போட்டாள். வாடிக்கையாளருக்குப் போட்டுக் காட்டுவதற்காகவே கறுப்படித்து வைத்த கதவு. நடுவில் ஒரு டேப் ஒட்டினாள்.

வலப்பக்கம் அவனுடைய காம்பவுண்ட். அவன் சொன்ன மாதிரியே, கை வலிக்க.

இடப்பக்கம் புது வண்டிக்குப் போடுகிற மெழுகு. பஞ்சில் சுண்டைக்காய் அளவு தொட்டு, மேலாக ஒரு பூச்சு.

"காயணும்," என்றாள். "அஞ்சு நிமிஷம்."

காத்திருந்தார்கள்.

மின்விசிறி சுற்றியது. லாரி ஒன்று பைபாஸை அதிரவைத்துப் போனது. அவன் செல்போனைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். அவளுடைய விரல்களைப் பார்த்தான். நகக்கண்ணில் மெழுகு.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் காபித் தட்டோடு நின்றிருந்தாலும் இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

"எப்பவும் இப்படித்தான் பேசுவீங்களா?"

"இல்லைங்க. இதைப் பத்தின்னா பேசுவேன்."

"எப்பவுமா?"

"கடையில இருக்கிற வரைக்கும்."

இன்னும் ஒரு சொல் பாக்கி இருந்தது. அதை எடுக்கக் கொஞ்சம் நேரமானது.

"இருப்பேன்."

அக்கா கல்லாவில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

மெழுகு வெள்ளையாகப் பூத்திருந்தது. மெல்லிய துணியால் ஒரே வீச்சாகத் துடைத்தாள். டேப்பை உரித்தாள்.

இடப்பக்கத்தில் கூரையின் டியூப்லைட் நேராக, ஒரு கோடு போல நின்றது. அதே டியூப்லைட் வலப்பக்கம் வந்ததும் நூறு கீற்றாகச் சிதறிப் போயிருந்தது.

அவன் குனிந்தான். முகம் பாதி தெளிவாகவும் பாதி கலங்கியும் தெரிந்திருக்கும். இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தான்.

பிறகு வெளியே தன் வண்டியைப் பார்த்தான்.

சிவப்பு மூடி டப்பாவை எடுத்துப் போய், எடுத்த இடத்திலேயே வைத்தான். வரிசை கலையாமல்.

அவள் மெழுகு டப்பாவை நீட்டினாள். அவன் கை நீளவில்லை. அவள் அதை மேசைமேல் வைத்துவிட்டாள்.

எங்கோ மேலே ஏறி நின்றிருந்த அவளுடைய தோள்கள் இரண்டும் தாமாக இறங்கின.

பசி.

காலையிலிருந்து இல்லாத பசி. தூக்குச்சட்டியில் தயிர்சாதம் இருக்கிறது, கூடவே மாங்காய் ஊறுகாய்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்பதைச் சாப்பிட்டுவிட்டு யோசித்துக்கொள்ளலாம்.

அவன் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறினான். வெயிலில் பானெட் அருகே நின்றான். வட்டங்களில் ஒன்றை விரலால் மெதுவாகச் சுற்றினான், எங்கே தொடங்கியது என்று தேடுகிறவன் போல.

வண்டியில் ஏறினான். கடைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தான்.

வண்டியைக் கிளப்பி பைபாஸில் ஏறிப் போய்விட்டான்.